ஓவியரின் குறட்டை

"கண்காட்சி நடந்துக்கிட்டிருக்கும்போதே கத்திக்கிட்டு வெளியே ஓடினாராமே! அப்ப அவர் மனசுல என்னம்மா ஓடிச்சு?"

கேட்ட திரைப்பட இயக்குநரை, ஓவியரின் மனைவி துணி மடித்துக்கொண்டே ஏற இறங்கப் பார்த்தாள். வீட்டுக்குள்ளேயும் கறுப்புக் கண்ணாடி. அந்த வெயிலிலும் கழுத்தைச் சுற்றி மப்ளர். வேடிக்கை பார்க்க வந்த ஆளே வேடிக்கையாகத்தான் இருந்தார்.

"மனசுல ஒண்ணும் ஓடல. புதுச் செருப்பு, கடிச்சிடுச்சு. அதான் கத்தினாரு."

இயக்குநர் பேனாவை மூடித் திறந்தார். "வரைஞ்ச படத்தையெல்லாம் கொல்லையில போட்டுக் கொளுத்தினாராமே?"

"கரையான். விட்டா வீட்டையே தின்னிருக்கும்."

"ராத்திரியெல்லாம் தூங்காம புலம்புவார்னு சொன்னாங்க..."

"அவரா? அவர் விடற குறட்டையில நான்தான் தூங்காம புலம்பறேன். எழுதிக்குங்க சார்."

அவர் எழுதவில்லை.

"கலைஞனோட வேதனை உங்களுக்குப் புரியலம்மா. நான் எடுக்கப்போறது அவரோட வாழ்க்கைப் படம். கேமராவோட இங்கேயே வந்து தங்கறோம். அவர் அழறது, நடுங்கறது எல்லாத்தையும் நடிகர் பக்கத்துல இருந்து பார்த்துக் கத்துக்கணும். உலகமே பார்த்துக் கண்ணீர் விடும்!"

"எதைப் பார்த்து? மூக்கு முட்டத் தின்னுட்டு மத்தியானம் மல்லாந்து கிடக்கறதையா?"

"அப்ப ஏன் வரையறதையே விட்டார்?"

"சோம்பேறித்தனம்! மக வீட்டுல உட்கார்ந்து சீட்டாடிக்கிட்டிருக்கார். உங்க நடிகருக்குச் சீட்டாடத் தெரியுமா?"

இயக்குநரின் முகம் சுண்டிப்போயிற்று.

"பெரிய மேதைன்னு நம்பி வந்தேன், என்னைச் சொல்லணும். வேதனையே படாதவரை வெச்சு என்னத்தப் படம் எடுக்கறது? நான் வேற ஆளைப் பார்த்துக்கறேன்" என்று எழுந்துகொண்டார்.

"நல்லா அழற ஆளாப் பாருங்க" என்று வாசல்வரை வந்து வழியனுப்பினாள்.

கார் தெருமுனையில் திரும்பி மறையும்வரை அங்கேயே நின்றாள். பிறகு வாசல் கதவைத் தாழிட்டுவிட்டு, பின்னறைக்குள் ஓடினாள்.

கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே, சத்தம் வெளியே கேட்காமலிருக்கத் துண்டை வாயில் திணித்துக்கொண்டு, உடம்பெல்லாம் நடுங்க உட்கார்ந்திருந்தார் ஓவியர்.

துண்டை மெல்ல உருவி எடுத்தாள்.

"போயிட்டான். இனி வரமாட்டான். இப்ப அழுங்க" என்று அவர் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.