பிழையில்லாத மாடி

"மூணாவது மாடி தேறாது மேடம். தினமும் இழுத்துக்கிட்டுக் கிடக்குது" என்றாள் நெட்வொர்க் அதிகாரி, நோயாளியைக் கைவிட்ட மருத்துவரின் குரலில்.

புது முதலாளியம்மா தலையசைத்தார். மூன்றாவது, நாலாவது மாடிகளில் ஒன்றை மூடிவிட வேண்டும். அங்கே இருப்பவர்களுக்கெல்லாம் வேலை போகும். எது என்று அவர் இன்னும் சொல்லவில்லை.

பக்கத்தில் மூன்றாவது மாடித் தலைவி நின்றாள். அலுவலகமே அவளை 'அவசரம்' என்றுதான் கூப்பிடும். கலைந்த தலை, கையில் அதிர்ந்துகொண்டே இருக்கும் போன். இவளெல்லாம் ஒரு தலைவி என்று அதிகாரி உதட்டைச் சுழித்தாள்.

நாலாவது மாடித் தலைவர் அதிகாரியின் கணவர். அவர் பதறி அவள் பார்த்ததே இல்லை.

கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் இரண்டு மாடிகளின் கணினிகளையும் இணைக்கும் ஸ்விட்ச் பெட்டிகள் இருந்தன. ஒவ்வொரு மேசையின் கேபிளும் வந்து சேரும் போர்ட்டுக்கு மேல் ஒரு குட்டி விளக்கு. மூன்றாவது மாடி விளக்குகள் பேய் பிடித்ததுபோலத் துடித்தன. நாலாவது மாடி விளக்குகள் சொன்ன பேச்சு கேட்கும் பிள்ளைகளாய், கண் கொட்டாமல் பச்சையாக நின்றன.

அதிகாரி மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினாள். "சிவப்பெல்லாம் பிழை மேடம். வழியிலேயே விழுந்து தொலைஞ்ச தகவல். மூணாவதுல ஒரு போர்ட் பாக்கியில்லாம சிவப்பு. நாலாவதுல பேருக்குக்கூட இல்ல."

"நெரிசல் தாங்கல, பெரிய பெட்டி வைங்கன்னு எத்தனை தடவை உங்ககிட்ட கேட்டேன்?" என்றாள் அவசரம்.

"ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம்."

"எங்க ஆளுங்களுக்கும் குடும்பம் இருக்குங்க."

"குடும்பத்தைக் காட்டினா போர்ட் குணமாயிடுமா?"

சொன்னபோது அதிகாரிக்கு உள்ளே இனித்தது. உறவுக்காரர்கள் கணவரைப் பற்றி இளக்காரமாகப் பேசும்போதெல்லாம் அவள் இந்தப் பச்சையைத்தான் நினைத்துக்கொள்வாள். இன்று அதைக் கண்ணெதிரே காட்டியாயிற்று.

முதலாளியம்மா குனிந்து பார்த்தார். "பிழை மட்டும்தான் காட்டுமா? எவ்வளவு தகவல் போகுதுன்னு காட்டாதா?"

"காட்டும் மேடம். அதை நாங்க பார்க்கிறதில்ல. போர்ட் ஆரோக்கியமா இருக்கான்னுதான் பார்ப்போம்."

"அதைத் திறங்க."

திறந்தாள். மூன்றாவது மாடியின் கோடு மலை மலையாக ஏறிப் போனது. நாலாவதின் கோட்டைக் காணோம். உற்றுப் பார்த்த பிறகுதான், அது அடியில் தரையோடு தரையாக ஒட்டிக் கிடப்பது தெரிந்தது.

முதலாளியம்மா நிமிர்ந்தார்.

"தப்பு நடக்கவாவது ஏதாவது வேலை நடந்திருக்கணும்மா. நாலாவதை மூடிடுங்க."