நல்லவரை அனுப்புவது எப்படி?

“ஒருத்தரை எங்க குடியிருப்பை விட்டு அனுப்பணும். எப்படி அனுப்பறதுன்னு சொல்லிக் குடுங்க.”

தையலம்மா இதைச் சொன்னதும், வட்டமாக உட்கார்ந்திருந்தவர்கள் டீ டம்ளரைக் கீழே வைத்தார்கள்.

அங்கே இருந்த எல்லோருமே ஆளுக்கொரு கூட்டுக் குடியிருப்பைத் தொடங்கி நடத்துகிறவர்கள். சொந்தபந்தம் இல்லாத குடும்பங்கள் சேர்ந்து, பொதுச் சமையல், பொது வேலை, எதுவானாலும் கூடிப் பேசி முடிவெடுப்பது என்று வாழ்கிற இடங்கள். இதை நடத்தக் கற்றுக்கொடுக்க எங்கேயும் பள்ளிக்கூடம் கிடையாது. அதனால் வருஷத்துக்கு ஒருமுறை கூடி, ஒருவர் பட்டதை மற்றவர் கேட்டுக்கொள்வார்கள். அறிவுரை கூடாது, தான் செய்ததை மட்டும் சொல்லலாம் என்பதுதான் ஏற்பாடு.

“திருட்டா, சண்டையா?” என்று நர்ஸ் கேட்டார். தனியாக வாழும் பெண்களுக்காக ஒரு குடியிருப்பு நடத்துபவர் அவர்.

“அதெல்லாம் இல்லக்கா. நல்லவங்க. அதுதான் சிக்கலே.”

அந்த அம்மாள் முதல் நாளிலிருந்து இருப்பவராம். யாருக்குக் காய்ச்சல் என்றாலும் முதல் ஆளாக நிற்பாராம். ஆனால் சுவருக்கு என்ன வண்ணம் என்றால்கூட எல்லோரும் அவர் முகத்தைத்தான் பார்ப்பார்களாம். கூட்டத்தில் அவர் வாய் திறந்துவிட்டால், மற்றவர்கள் தலையாட்டிவிட்டு எழுந்துவிடுவார்களாம். குழந்தைகளுக்கு ஒரு வாசிப்பறை வேண்டும் என்று ஆசையாகத் திட்டம் போட்டு வந்த இளம் தம்பதி, இங்கே விருந்தாளி மாதிரிதான் இருக்கிறோம் என்று சொல்லிவிட்டுக் காலி செய்துகொண்டு போய்விட்டார்களாம்.

போன மாதம் அந்த அம்மாள் வெளியூர் போயிருந்தபோது தண்ணீர் மோட்டார் நின்றுவிட்டது. அவர் வரட்டும் என்று வளர்ந்த ஆட்கள் அத்தனை பேரும் வாளி வாளியாகத் தண்ணீர் சுமந்தார்களே ஒழிய, ஒருவரும் மெக்கானிக்கைக் கூப்பிடவில்லை.

“இப்படியே விட்டா, அவங்க கண்ணை மூடின மறுநாளே எங்க இடத்துக்குப் பூட்டுதான்,” என்றார் தையலம்மா.

“தனியா கூப்பிட்டுச் சொல்லிப் பாத்தீங்களா?”

“சொல்லாம இருப்பேனா? கூட்டத்துல வாயை மூடிக்கிட்டு உக்காருன்னு எத்தனையோ தடவை சொல்லியாச்சு. பேச்சு ஆரம்பிச்சதும் மறந்துடறாங்க.”

நர்ஸ் தன் அனுபவத்தைச் சொன்னார். அவருடைய இடத்திலும் இப்படி ஒருவர் இருந்தார். சமையலறைச் சாவியை வாங்கிக்கொண்டு தோட்டத்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். தோட்டத்திலிருந்தபடியே அவர் சாம்ராஜ்யம் நடத்தினார். கடைசியில் மனஸ்தாபம்தான் மிச்சம்.

அதுவரை பேசாமல் இருந்த தச்சர் தொண்டையைச் செருமினார்.

“எங்க இடத்துல என் மச்சான் இருந்தான். சொந்தம் விட்டுப்போயிடுமேன்னு இன்னிக்கு நாளைக்குன்னு தள்ளிப் போட்டேன். அவன் இருந்தான். மத்த குடும்பங்க ஒவ்வொண்ணா கிளம்பிடுச்சு. அப்புறம்தான் எல்லார் முன்னாடியும் வெச்சு, மரியாதையா சொன்னேன். ஆனா பக்கத்துத் தெருவுலயே வீடு பாத்துக் குடுத்தேன் பாருங்க, அது தப்பு. குழாய் ஒழுகுதுன்னாகூட ஸ்பேனரோட வந்து நின்னுட்டான். அனுப்பறதுன்னு ஆயிட்டா தூரமா அனுப்பணும்.”

அதற்கு மனசு வருமா என்று நர்ஸ் தையலம்மாவைப் பார்த்துக் கேட்டார்.

“வராதுதான்க்கா. ஆனா செஞ்சுடுவேன்,” என்றார் அவர்.

மழைக்காலம் தொடங்கியிருந்த ஒரு காலை. தன் குடியிருப்பின் பட்டறையில் தச்சர் ஜன்னல் சட்டம் ஒன்றை இழைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்தபோது, ராத்திரி ரயிலில் வந்து இறங்கிய தையலம்மா வாசலில் நின்றிருந்தார்.

“சொல்லிட்டேன் அண்ணே. எல்லார் முன்னாடியும். மரியாதையா.”

தச்சர் மரத்தூளைத் தட்டிவிட்டு ஸ்டூலை நகர்த்திப் போட்டார். தையலம்மா உட்கார்ந்து நடந்ததைச் சொன்னார். இரண்டு பேர் அழுதார்களாம். அப்புறம், இத்தனை வருஷமாகக் கூட்டத்தில் கடைசி வரிசையை விட்டு நகராத எலக்ட்ரீஷியன் எழுந்து, “அப்ப அடுத்த கூட்டத்தை நான் நடத்தட்டுமா?” என்று கேட்டாராம்.

“அந்த ஒரு கேள்வி போதும் அண்ணே. எங்க இடம் பொழைச்சுக்கும்,” என்றார் தையலம்மா.

“அந்தம்மா என்ன சொன்னாங்க?”

“எலக்ட்ரீஷியன் கேட்டப்ப வாய் வரைக்கும் என்னமோ வந்துச்சு. முழுங்கிட்டாங்க.”

தச்சர் மெச்சிக்கொள்வதுபோலத் தலையசைத்தார். தையலம்மா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“உங்க இடத்துல ஒரு அறை கிடைக்குமா? தூரமா அனுப்பணும்னு சொன்னது நீங்கதானே.”

“அடடா, கடைசியில என் தலையிலயே கட்டறீங்களா?” என்று தச்சர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு, யோசித்து யோசித்துச் சொன்னார்.

“அறை இருக்கு. ஆனா ஒண்ணு. இங்க அவங்க கடைசியா வந்த ஆள். பாத்திரம் கழுவறதுல இருந்துதான் ஆரம்பிக்கணும். முதல் ஒரு வருஷம் கூட்டத்துல காது குடுக்கலாம், வாய் குடுக்கக் கூடாது. எங்க இடத்துல இப்படிப் பண்ணுவோம், அப்படிப் பண்ணுவோம்கற பேச்சே எழக் கூடாது. எல்லாரையும் ஆட்டி வெச்சுப் பழகினவங்க. இதுக்கெல்லாம் அந்தம்மா ஒத்துக்குவாங்களா?”

தையலம்மா ஸ்டூலை விட்டு எழுந்தார்.

“ஒத்துக்கறேன் அண்ணே,” என்றார். “பெட்டி ஆட்டோவுல இருக்கு. எடுத்துட்டு வரட்டுமா?”