மந்திரப் பள்ளி வாசலில் ஓர் அரக்கி

“இந்த அரக்கியையும் மந்திரப் பள்ளியில சேர்த்துக்கச் சொல்லுங்க சார்” என்கிறேன் நான். பிழையை மட்டும் எழுது, விதியை மாற்றச் சொல்லாதே என்பதுதான் எங்கள் டெஸ்டிங் வேலையின் சட்டம். இந்த ஆன்லைன் விளையாட்டை இன்றுதான் திறந்தேன். காலையிலிருந்து என் பச்சைத்தோல் அரக்கி பள்ளி வாசலில் முட்டிக்கொண்டு நிற்கிறாள். பொன்முடித் தேவதைகள் அவளை உரசிக்கொண்டு உள்ளே போகிறார்கள். மானிட்டர் வெளிச்சம் என் கையில் பச்சையாக விழுகிறது. டீம் லீடர் ஸ்ரீஹர்ஷா சிரிக்கிறார். “அதுக்குப் பிறப்புலயே படிப்பு வராதும்மா. சுத்தியலால சண்டை போட மட்டும்தான். கதை அப்படி. கலாட்டா பண்ணாம, ரிப்போர்ட்ல சூப்பர்னு எழுதிடு.” “ஜீவனஹள்ளி ஏரியாவுல எங்க வீட்டு முதல் டிகிரி என்னுதுதான் சார். எனக்கும் இதையேதான் சொன்னாங்க.” “எழுதலைன்னா நாளையிலிருந்து வர வேணாம்.” அவர் சொல்லி முடிக்கும்போது என் அடையாள அட்டை கீபோர்டு மேல் கிடக்கிறது, நான் வெளிக்கதவைத் தள்ளிக்கொண்டிருக்கிறேன்.