பதினொன்று முதல் ஒன்று வரை

"பேட்டரி செத்ததாலதான் எங்கப்பா செத்தார். இதை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டு நீங்க தாராளமா போகலாம்."

மகன் நீட்டிய வெள்ளைத் தாளை எலக்ட்ரீஷியன் வாங்கவில்லை. கூரையில் சோலார் தகடுகளையும் மாடிப்படிக்குக் கீழே பேட்டரியையும் அந்த வீட்டுக்குப் பொருத்திக் கொடுத்தவர் அவர்தான். அந்தத் தாளில் அவர் கையெழுத்து விழுந்தால், இருபது வருஷமாகச் சம்பாதித்த பெயர் அன்றோடு போச்சு.

"பேட்டரிப் பெட்டியில இருக்கற பதிவை ஒரு தடவை பார்த்துடறேன் சார். என் மேல தப்புன்னா நானே எழுதித் தர்றேன்."

"எதுக்குத் தம்பி அதெல்லாம்?" சமையலறை வாசலில் நின்ற அம்மா குறுக்கிட்டாள். "போனவர் திரும்பி வரவா போறார்? டீ குடிச்சிட்டுக் கிளம்பு."

"நீ சும்மா இரும்மா. பச்சை பட்டனை அமுக்கி ஹலோ சொல்றதைத் தவிர உனக்கு என்ன தெரியும்?"

ரப்பர் பேண்டு சுற்றிய தன் சின்ன போனைக் கையில் இறுக்கிக்கொண்டாள் அம்மா.

"ஆபீஸ்ல உக்காந்துக்கிட்டே வாஷிங் மெஷினை ஓட விடறவன் சார் நான்," என்றான் மகன். "வீடு மொத்தமும் என் போன்ல இருக்கு. அன்னைக்குன்னு பார்த்து வெளியூர்லேர்ந்து வந்த பஸ் மழையில நடுவழியில நின்னுபோச்சு. போன்லயும் சார்ஜ் தீர்ந்துபோச்சு. இல்லைன்னா பேட்டரி இறங்கறதை அங்கேர்ந்தே பார்த்திருப்பேன். விடிஞ்சு வந்து பார்த்தா…"



எலக்ட்ரீஷியன் லேப்டாப்பைத் திறந்து வயரைச் செருகினார். எதிர்ச் சுவரில் அவரே எழுதிக் கொடுத்த காகிதம் இன்னும் ஒட்டியிருந்தது. வெந்நீர், பகல் பதினொன்று முதல் ஒன்று வரை. துணி துவைக்க, ஒரு மணிக்கு மேல். இஸ்திரி, மூன்று மணிக்குள். அடியில் வேறொரு கையெழுத்து, கோணல்மாணலாக: 'நாலு மணிக்கு மேல் பேட்டரி அவர் மூச்சுக்கு மட்டும்.'

மூன்று வருஷம் ஆக்சிஜன் மெஷினோடு படுத்திருந்த கணவனுக்காக அம்மா எழுதியது. வெயில் இருக்கும்போதே வீட்டு வேலையெல்லாம் முடிந்துவிட வேண்டும் அவளுக்கு. சாயங்காலம் யாராவது மிக்ஸியைத் தொட்டால்கூடச் சண்டைக்கு வந்துவிடுவாள்.

"அன்னைக்கு ஆறு அம்பதுக்குக் கரண்ட் போயிருக்கு சார். அப்போ பேட்டரி முழுசா இருந்திருக்கு. ஆக்சிஜன் மெஷின் மட்டும் ஓடியிருந்தா விடியற வரைக்கும் தாங்கியிருக்கும்."

"அப்புறம் ஏன் நின்னுது?"

எலக்ட்ரீஷியன் விரலால் திரையை நகர்த்திக்கொண்டே போனார். ஓரிடத்தில் விரல் நின்றது.

"எட்டு நாற்பதுக்கு ஹீட்டர் போட்டிருக்கு. உங்களுது பெரிய டேங்க். பதினொண்ணரைக்குள்ள பேட்டரியைத் துடைச்சு எடுத்துடுச்சு. ஹீட்டரை பேட்டரி லைன்ல சேர்க்க வேண்டாம்னு அப்பவே சொன்னேன். மழை நாள்ல ஐயாவுக்கு உடம்பு துடைக்க வேணும்னு நீங்கதான் கேட்டீங்க."

"ஹீட்டரா? அந்நேரத்துல யாரு ஹீட்டர் போட்டது?"

"நான்தான்," என்றாள் அம்மா.

மகன் திரும்பினான்.

"முழங்கால் வலி உயிர் போச்சுடா. வெந்நீர் ஊத்தினாத் தேவலைன்னு பட்டுது. போட்டுட்டு அப்படியே அசந்து தூங்கிட்டேன்."

"அப்பாவோட மூச்சை எடுத்து உன் முழங்காலுக்கு ஊத்திக்கிட்டியா?"

அம்மா கையிலிருந்த போனின் ரப்பர் பேண்டைச் சரிசெய்தாள்.

"ஆறு மாசமா இந்த மனுஷனைத் திட்டித் தீர்த்திருக்கேன். நீ பக்கத்துலயே நின்னு கேட்டுக்கிட்டிருந்தியே! இனிமே என்கிட்டப் பேசாதே." அவன் தாளைக் கசக்கி எறிந்தான். "மன்னிச்சுக்குங்க சார்," என்று எலக்ட்ரீஷியனின் முகத்தைப் பார்க்காமல் சொல்லிவிட்டு உள்ளே போனான். அறைக் கதவு அறைந்து சாத்திக்கொண்டது.

தலைக்கு வந்தது போய்விட்டது. ஆனால் எலக்ட்ரீஷியன் எழுந்திருக்கவில்லை. திரையில் அதே வரியின் கடைசிக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஹீட்டரைச் சுவரில் இருக்கும் சுவிட்சில் போட்டார்களா, போனிலிருந்து போட்டார்களா என்பதையும் அந்தப் பெட்டி தனியாகக் குறித்து வைக்கும்.

லேப்டாப்பை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். கேட்டைத் திறந்துவிட அம்மா பின்னாலேயே வந்தாள்.

"அம்மா," என்றார் தணிந்த குரலில், "அன்னைக்கு யாரும் சுவிட்சைத் தொடவே இல்லை. ஹீட்டரைப் போட்டது ஒரு போன். உங்க கையில இருக்கற பட்டன் போன்ல அதைச் செய்ய முடியாது."

அம்மா சாத்தியிருந்த அறைக் கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

"தெரியும் தம்பி. போன்லேர்ந்து எதையாவது போடறது அவனுக்குத் தினப் பழக்கம். இங்க கரண்ட் போனது அவனுக்குத் தெரியாது, ஹீட்டர் போட்டதும் நினைப்பே இல்லை. இல்லாமலே இருக்கட்டும். பழி என் மேலயே கிடக்கட்டும்."

"நீங்களாவது அதை அணைச்சிருக்கலாமேம்மா?"

"சுவிட்சு வரைக்கும் நாலஞ்சு தடவை போனேன்," என்றாள் அம்மா. "ஆனா, 'நனைஞ்சு வர்றேம்மா, இங்கேர்ந்தே வெந்நீர் போட்டுட்டேன், ஒம்பது மணிக்கெல்லாம் வந்துடுவேன்'னு சொல்லிட்டுத்தானே அன்னைக்கு அவன் போன் அணைஞ்சுது."