பசைக்கோடு

"இந்தப் புத்தகத்துல அந்தச் சீட்டு இருந்ததே இல்லைன்னு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்க லைல். வேற எதுவும் வேண்டாம்."

நோரீன் தடித்த மருந்து அகராதியை மேசையில் வைத்தாள். லைல், டுலூத் நகரில் பழைய புத்தகங்களுக்கு வைத்தியம் பார்ப்பவர். வக்கீல்களும் அவர் வார்த்தையை நம்புவார்கள்.

"பார்க்காம கையெழுத்துப் போட நான் என்ன மந்திரியா?" என்றார் அவர்.

அவள் சிரிக்கவில்லை.

அந்த அகராதியில் ஒரு மருந்தின் அளவு, 'ஒன்று' என்பதற்குப் பதில் 'பத்து' என்று அச்சாகிவிட்டது. எல்லாப் பிரதிகளிலும் பிழைதிருத்தச் சீட்டை ஒட்டித்தான் அனுப்பினோம் என்றது பதிப்பகம். மருந்துக்கடை வைத்திருந்த நோரீனின் அப்பா பத்தையே கொடுத்தார். ஒரு பெண் இறந்துபோனாள். சீட்டைப் படிக்காத அலட்சியம் என்று அவருடைய உரிமத்தைப் பறித்துவிட்டார்கள். அதன்பிறகு பள்ளிப் பேருந்து ஓட்டியே காலத்தைத் தள்ளினார். போன மாதம் கண்ணை மூடினார்.

"விசாரணையில என்ன சொன்னார்?"

"'நான் பார்க்கலை'ன்னார். அவ்வளவுதான். சீட்டே இல்லைன்னு அடிச்சுப் பேசியிருக்கலாம். பேசலை. அதுதான் எனக்கு ஆறவே மாட்டேங்குது." அவள் கைப்பையைத் திறந்தாள். "இதைப் பாருங்க. ஆறு வயசுல அப்பா கடையில உட்கார்ந்து நான் வரைஞ்ச பூனை. சாகுற வரைக்கும் சட்டைப்பையில வெச்சிருந்தார். இவரா அலட்சியக்காரர்?"

வெளுத்த ரோஜாநிறத் துண்டுக் காகிதத்தில் ஒரு மூன்று கால் பூனை. பின்னால் அட்டை கொடுத்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு நான்கு பக்கமும் ஒட்டியிருந்தார் அப்பா.

லைல் விளக்கைத் தாழ்த்தி அகராதியைத் திறந்தார். முதல் தாளின் உள்மடிப்பில் விரலை மெல்ல ஓட்டினார்.

"என்னால எழுதித் தர முடியாது நோரீன். இங்கே பசைக்கோடு இருக்கு. சீட்டு இருந்திருக்கு. யாரோ பிய்ச்சிருக்காங்க."

"பிய்ச்சது யாருன்னு தெரிஞ்சா?"

"யார் பிய்ச்சதுன்னு சொல்லி அன்னைக்கே அந்தச் சீட்டைக் காட்டியிருந்தா உங்க அப்பாவோட உரிமம் தப்பிச்சிருக்கும். அவர் கண்ணுல படவே இல்லைன்னு ஆகியிருக்கும்."

பேசிக்கொண்டே இடுக்கியால் மடிப்புக்குள்ளிருந்து காகித நார் ஒன்றை எடுத்தார். அது ரோஜாநிறமாக இருந்தது.

இருவரும் பூனையைப் பார்த்தார்கள். நோரீன் உறையை அவர் பக்கம் தள்ளினாள். லைல் அதைக் கீறி, காகிதத்தை எடுத்துத் திருப்பி வைத்தார்.

'பக்கம் 312: பத்து என்பதை ஒன்று எனத் திருத்திப் படிக்கவும்.'

அந்த அச்சு வரிக்குக் கீழே, பிள்ளைகளின் படத்துக்குப் பின்னால் எல்லா அப்பாக்களும் எழுதுவதுபோல எழுதியிருந்தார்: 'நோரீன் வரைந்தது, வயது ஆறு. இன்றுதான் என் கண்ணில் பட்டது.' பக்கத்தில் இருந்த தேதி, விசாரணைக்கு முந்தைய நாள்.