மெக்கானிக் வருவாரா?

ஊரில் எந்த லிஃப்ட் நின்றாலும், உள்ளே மாட்டிக்கொண்டவர் மணியை அழுத்தினால், லிஃப்ட் கம்பெனியில் அவள்தான் எடுத்துப் பேசுவாள். அன்று அழுத்தியவர், அவள் எடுத்ததுமே எரிந்து விழுந்தார்.

"என்னம்மா கம்பெனி நடத்துறீங்க? ரெண்டு மாடிக்கு நடுவுல தொங்கிட்டிருக்கோம். எங்க அம்மாவுக்கு இருட்டுன்னாலே மூச்சு முட்டும்!"

"அம்மா கையைப் பிடிச்சுக்கோங்கண்ணே. பேச்சுக் கொடுத்துக்கிட்டே இருங்க."

"முழுகிப்போன உங்க கம்பெனிக்கு அரசாங்கம் எங்க வரிப்பணத்தை அள்ளிக் கொடுத்துச்சே, அதெல்லாம் எங்க போச்சு?"

"முதலாளி வீட்டுக்குப் போச்சுண்ணே. மெக்கானிக்குகளையும் வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. மிச்சம் ஒருத்தர்தான்."

"அதான் ஊரே கொதிக்குது! காலையில நாங்க உங்க ஆபீஸ் வாசல்ல போராடினது தப்பே இல்ல."

"தப்புன்னு நான் சொல்லலையேண்ணே. எனக்கே இன்னும் சம்பளம் வரலை."

பின்னால் கிழவி முனகுவது கேட்டது. பாவம், மகனின் குரல் இறங்கிவிட்டது.

"அந்த ஒருத்தரையாவது சீக்கிரம் அனுப்பு தங்கச்சி. உனக்குப் புண்ணியமாப் போகும்."

அவள் பக்கத்து நாற்காலியைப் பார்த்தாள். கருவிப் பையை மடியில் வைத்தபடி மெக்கானிக் உட்கார்ந்திருந்தார்.

"அவரு கிளம்பி ரெடியாத்தான் இருக்காருண்ணே. ஆனா நாங்களும் உள்ளதான் மாட்டிக்கிட்டிருக்கோம். காலையில போராட்டத்துக்கு வந்தவங்க வாசல் கேட்டை இழுத்துப் பூட்டிட்டுப் போயிட்டாங்க. சாவி யார்கிட்ட இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமாண்ணே?"

மறுமுனையில் அவர் தன்னைத் தடவிப் பார்த்தார். சட்டைப் பைக்குள் ஏதோ கிலுங்கியது.

"என்னடா அது சத்தம்?" என்று இருட்டுக்குள் கிழவி கேட்டாள்.

"சாவிம்மா" என்றார் மகன், அடி வாங்கிய பிள்ளை மாதிரி.