மகளின் நைட்டி

பதினோரு நாட்களாக வத்சலா குளிக்கவில்லை. தாமோதரன் குளியலறைக்குள் வந்தாலே, "யாருய்யா நீ? பொம்பள குளிக்கிற எடத்துல உனக்கென்ன வேலை?" என்று சொம்பை வீசினாள். நாற்பத்தொரு வருடங்களாக அவளுடைய கணவர் அவர். அவள் முதுகில் புண் பழுக்கத் தொடங்கியிருந்தது. மறதி நோயாளிகளின் வீட்டாருக்காக நடந்த கூட்டத்தில் ஒருவர், "வாதாடாதீங்க சார், அவங்க உலகத்துக்குள்ள நீங்க போயிடுங்க" என்று சொல்லியிருந்தார்.

அன்று காலை தாமோதரன் மீசையை மழித்தார். மகள் விட்டுப்போன நைட்டியை மாட்டிக்கொண்டு, தலையில் துண்டைச் சுற்றியபடி உள்ளே போனார். வத்சலா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "தண்ணி ரொம்பச் சுடுதான்னு பாத்தீங்களாக்கா?" என்று முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

அவர் பின்னால் குந்தி, புண்ணைச் சுற்றி மெதுவாகச் சோப்புப் போட்டார்.

"எங்க வீட்டுக்காரரை எங்கயாவது பாத்தீங்களா? ரொம்ப நாளா வரலை."

"வருவாரும்மா," என்றார், குரலைப் பெண்குரல்போல் மெலிதாக்கி.

"எல்லாரும் இதையேதான் சொல்றாங்க. வாசலையே பாத்துக்கிட்டுக் கெடக்கேன். செத்துட்டாருன்னா சொல்லிடுங்கக்கா. ஒரேயடியா அழுது தீத்துடறேன்."

அவர் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றினார். இன்னொரு சொம்பும் ஊற்றினார். பிறகு, "ஆமாம்மா" என்றார்.

வத்சலா திரும்பி, ஈர உடம்போடு அவரைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவள் அவரைத் தொட்டு இரண்டு வருடங்கள் ஆகியிருந்தன.

"நீங்களாவது என்னை விட்டுட்டுப் போயிடாதீங்கக்கா."

வாயைத் திறந்தால் தன் குரல் வந்துவிடும் என்று பயந்து, அவர் தலையை மட்டும் ஆட்டினார்.